மருந்துக் கடை கவுண்டரில் கோபப்படுபவர்களைச் சமாளிப்பது எப்படி? புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

துணிக்கடைக்கு ஆசையோடு வருவார்கள். மருந்துக் கடைக்கு அப்படி யாரும் வருவதில்லை. காலையிலேயே டோக்கன் போட்டு, பகல் முழுக்க டாக்டருக்காகக் காத்திருந்து, ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பணம் கட்டிவிட்டு, மிச்சம் இருக்கும் காசோடு கடைசியாக வந்து நிற்கும் இடம் நம் கவுண்டர். டாக்டரிடம் காட்ட முடியாத எரிச்சல், லேப்பில் காட்ட முடியாத எரிச்சல் எல்லாம் இங்கேதான் இறங்கும்.

டெல்டா பக்கம் ஒரு நகரத்தில், அரசு மருத்துவமனைக்கு எதிரே உள்ள கடையில் பார்மசிஸ்டாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு மருந்து அடுக்கவும், பில் போடவும், காலாவதி தேதி பார்க்கவும் சொல்லித் தருகிறோம். ஒருவர் கவுண்டரில் கையால் தட்டி, "உனக்கெல்லாம் யாருடி வேலை கொடுத்தது" என்று கேட்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. நல்ல வேலைக்காரப் பிள்ளைகள் மூன்று மாதத்தில் நின்றுவிடுவதற்குச் சம்பளத்தைவிட இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை நாலைந்து விஷயங்களைச் சுற்றியே வரும். சீட்டு இல்லாமல் மருந்து கேட்பது, எழுதிய கம்பெனி மருந்து இல்லாதது, விலை, திருப்பிக் கொடுப்பது, வரிசை. சத்தம் கேட்ட பிறகு யோசித்துப் பதில் சொல்லப் பார்த்தால் ஒன்று வாய் குழறும், இல்லையென்றால் நம் குரலும் ஏறும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதிலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். முதலாளி, பார்மசிஸ்ட், உதவியாளர் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். நேற்று ஒருவர் கொடுத்ததை இன்று இன்னொருவர் மறுத்தால், கத்துகிறவர் பக்கம்தான் நியாயம் இருக்கும்.

படி 1: "சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டோம்" என்பதைச் சொல்லப் பழகுங்கள்

இதுதான் தினமும் வரும் சண்டை. இதில் சரியாக நின்றுவிட்டால் மற்றவை எளிது.

சட்டம் என்ன சொல்கிறது என்று நமக்கே தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940-ல் வந்தது, அதன் விதிகள் 1945-ல் வந்தன. அந்த விதிகளில் 'எச்' அட்டவணையில் உள்ள மருந்தைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையாக விற்கக் கூடாது. அமாக்சிசிலின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் இதில்தான் வருகின்றன. 2014 மார்ச் 1 முதல் 'எச்1' என்று இன்னொரு அட்டவணையும் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்சிம், அல்பிரசோலம், சோல்பிடெம், டிரமடால் எல்லாம் அதில் அடக்கம். அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் வாடிக்கையாளரிடம் ஒப்பிக்கக் கூடாது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவருக்குச் சட்டப் பாடம் நடத்தினால் நிச்சயம் சண்டைதான். சட்டம் நம் உறுதிக்காக. அவரிடம் பேசுவது வேறு.

இரவு ஒன்பதரைக்கு ஒருவர் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"போன மாசம் பிள்ளைக்கு ஒரு சிரப் கொடுத்தீங்களே, அதே குடுங்க."

"அண்ணே, அது ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் கொடுக்கறதில்ல. பிள்ளைக்கு என்ன வயசு, காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? காசு குடுக்கறேன், மருந்து குடு."

"எதிர்ல ஜி.ஹெச்ல நைட் டூட்டி டாக்டர் இருக்காங்க. பிள்ளையைக் காட்டிச் சீட்டு வாங்கிட்டு வாங்க. வரிசையில நிக்க வேணாம், நேரா எங்கிட்ட வாங்க, எடுத்து வெச்சுடறேன்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். மறுப்பு முதல் மூச்சிலேயே வந்துவிட்டது. பத்து நிமிடம் தேடுவது போலப் பாவனை செய்து கடைசியில் "சீட்டு வேணுமே" என்று இழுத்தால் அவர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். இரண்டாவது, "யாருக்கும்" என்ற சொல். அவரை மட்டும் தனியாக மறுக்கவில்லை என்று அது சொல்கிறது. மூன்றாவது, அடுத்து எங்கே போவது, வந்தால் என்ன கிடைக்கும் என்று உடனே சொல்லியாயிற்று. சொன்னபடி செய்யவும் வேண்டும். அவர் சீட்டோடு திரும்பி வரும்போது "வரிசையில நில்லுங்க" என்றால் அடுத்த முறை நம் பேச்சை அவர் நம்ப மாட்டார்.

"முதலாளி திட்டுவாரு", "கேமரா இருக்கு" என்று காரணம் சொல்லாதீர்கள். முதலாளி இல்லாத நேரத்தில், கேமரா படாத மூலையில் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள்.

எனக்குப் பெரிதும் கைகொடுக்கும் ஒரு வழி உண்டு. மருந்து அட்டையைத் திருப்பிக் காட்டுவது. எச் அட்டவணை மருந்துகளின் அட்டையில் இடது ஓரமாக மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும். பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். "இந்தச் சிவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு வேணும்னு அர்த்தம்ங்க" என்று விரலை வைத்துக் காட்டுங்கள். அவருடைய பார்வை நம் முகத்திலிருந்து அட்டைக்குப் போகும். வாக்குவாதம் நம்மைப் பற்றியதாக இருந்தது, அந்த இடத்திலிருந்து அட்டையைப் பற்றியதாக மாறிவிடும். ஆன்டிபயாடிக்கைக் கண்டபடி சாப்பிடக் கூடாது என்று 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இந்தச் சிவப்புக் கோட்டை வைத்தே பிரசாரம் செய்தது. அந்தச் சுவரொட்டி போல ஒன்றைத் தமிழில் அச்சடித்து கவுண்டருக்கு மேலே ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது.

குழந்தைகளின் சளி, இருமல் மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்த செய்தி வந்தபின், பெற்றோர் பழைய பாட்டில்களோடு கடைக்கு வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். சிலர் கோபமாகவே கேட்டார்கள். கேட்கட்டும். பாட்டிலை வாங்கி, பெயர், பேட்ச் எண், தேதி மூன்றையும் அவர்கள் முன்னாலேயே படித்துச் சொல்லுங்கள். பயத்தில் கேட்கிறவருக்கு "ஒண்ணும் ஆகாது" என்பது பதிலே இல்லை.

ஒரு விதிவிலக்கு. மூச்சுத் திணறலோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால் சீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். உட்கார வையுங்கள், 108-க்கு அழையுங்கள், மருத்துவமனை எதிரிலேயே இருந்தால் ஒரு ஆளைக் கூட அனுப்புங்கள்.

படி 2: எழுதிய கம்பெனி இல்லாதபோது

"இந்தக் கம்பெனி இல்ல, வேற கம்பெனி இருக்கு, அதே மருந்துதான்" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். எச் அட்டவணை மருந்துக்குச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைத் தருவதை விதி அனுமதிக்கவில்லை, உள்ளே அதே மூலப்பொருள் இருந்தாலும்கூட. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், வயதானவர்கள் மாத்திரையின் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்து, வேறு நிறமாக இருந்தால் அடுத்த நாள் சண்டையோடு வருவார்கள். அதில் தவறே இல்லை.

இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். நாளை வருமா, எத்தனை மணிக்கு வரும் என்பதை மொத்த விற்பனைக் கடையில் கேட்டு உறுதியாகச் சொல்லுங்கள். அவசரம் என்றால் டாக்டருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அவர் மாற்றிக்கொடுக்கச் சொன்னால் சீட்டில் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள். பக்கத்துக் கடையில் இருக்கிறது என்று தெரிந்தால் அங்கே அனுப்பி வையுங்கள். ஒரு விற்பனை போகும், ஆனால் அவர் அடுத்த மாதம் நம் கடைக்கே வருவார்.

ஒரே சீட்டில் பலமுறை வாங்க வருபவர்களும் உண்டு. மறுபடி வாங்கலாம் என்று டாக்டர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. மருந்து கொடுத்ததும் சீட்டில் கடை முத்திரையும் தேதியும் வைத்துவிடுங்கள். அப்போதே சொல்லியும் விடுங்கள், "அடுத்த தடவை டாக்டரைப் பார்த்துட்டு வாங்கம்மா" என்று. மாதக் கடைசியில் சொல்வதைவிட அன்றைக்கே சொல்வது சண்டையைத் தடுக்கும்.

படி 3: விலையைப் பற்றிய கோபம்

"கொள்ளையடிக்கிறீங்க" என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் சொல்ல வேண்டியது "என்னிடம் அவ்வளவு பணம் இல்லை" என்பது. நாலு பேர் நிற்கும் கவுண்டரில் அதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. கோபம்தான் கௌரவமான வழி. இதைப் புரிந்துகொண்டால் நம் வேலை முறையே மாறும்.

மருந்தை எல்லாம் எடுத்து, பில் அடித்து, கவரில் போட்டு, கடைசியில் தொகையைச் சொல்லாதீர்கள். அட்டையை வெட்டும் முன்பே, குரலைத் தாழ்த்தி, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள்: "முழுசா எடுத்தா 1,340 ஆகும். சுகர், பிரஷர் மாத்திரை இப்போதைக்குப் பத்து நாளைக்கு மட்டும் எடுக்கவா?" அவர் "பத்து நாளைக்கே குடுங்க" என்று தலையாட்டிவிட்டுப் போவார். அதே தொகையை எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னால் அதே மனிதர் கத்துவார். ஆன்டிபயாடிக்கை மட்டும் இப்படிக் குறைக்காதீர்கள், டாக்டர் சொன்ன நாள் முழுவதும் போக வேண்டும். மற்றவற்றில் எதை விடலாம் என்பதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

விலை ஏன் மாறியது என்பதற்கு உண்மையான காரணங்கள் உண்டு. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றின் உச்சவரம்பு விலை ஆண்டுதோறும் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி மாற்றப்படுகிறது. பட்டியலில் இல்லாதவற்றின் விலையை கம்பெனிகள் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றலாம். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் "போன மாசம் இவ்வளவு இல்லையே" என்ற பேச்சு கட்டாயம் வரும். இன்னொரு பக்கம், 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அப்போது பழைய சரக்கின் அட்டையில் ஒரு விலையும் பில்லில் குறைந்த விலையும் வந்தன. பில்லையும் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் முடிந்தது. வாயால் விளக்க ஆரம்பித்தால் முடியாது.

"மக்கள் மருந்தகத்துல இது பாதி விலை" என்று யாராவது சொன்னால் சண்டை போடாதீர்கள். அது உண்மையாகவே இருக்கும். "ஆமாங்க, அங்க ஜெனெரிக் கிடைக்கும், டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அங்கயே வாங்கிக்கங்க" என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரி 24 அன்று, குறைந்த விலையில் மருந்து தரும் முதல்வர் மருந்தகங்கள் ஆயிரம் திறக்கப்பட்டன. உங்கள் ஊரில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருங்கள். சுகர், பிரஷர் மாத்திரைக்கே மாதாமாதம் திணறுகிறவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் பற்றிச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் முதல் நடக்கும் திட்டம், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதலாளிகள் சிலருக்கு இது பிடிக்காது. என்னைக் கேட்டால், வாங்க வழியில்லாதவரை இங்கேயே நிறுத்தி வைத்து நாம் சம்பாதிப்பது கெட்ட பெயர் மட்டும்தான்.

படி 4: வெட்டிக் கொடுப்பதும் திருப்பி எடுப்பதும்

நாலு மாத்திரை கேட்டால் அட்டையை எந்தப் பக்கம் வெட்டுகிறீர்கள் என்பது முக்கியம். பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் அட்டையின் ஒரு முனையில்தான் அச்சாகியிருக்கும். அந்த முனையைக் கடைசிவரை விட்டுவிட்டு மறுமுனையிலிருந்து வெட்டுங்கள். வெட்டிக் கொடுத்த துண்டில் தேதி இருக்காது என்பதால் பில்லில் பேட்ச், தேதி இரண்டும் வருகிறதா என்று பார்த்துக் கொடுங்கள். "தேதியே இல்லாத மாத்திரையைக் கொடுத்து ஏமாத்தறாங்க" என்ற புகார் இதில்தான் பிறக்கிறது, அதற்கு ஒரே பதில் பில்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற பலகையைக் கழற்றிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நியாயமற்ற வணிகம். பில் கொடுக்க மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். நுகர்வோர் உதவி எண் 1915 இப்போது எல்லோருக்கும் தெரியும். உடைந்த மாத்திரை, கசிந்த பாட்டில், காலாவதியானது, நாம் மாற்றிக் கொடுத்தது, இவற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நல்ல மருந்தை "டாக்டர் மாத்திட்டாரு" என்று கொண்டுவருவது வேறு. அதற்குக் கடை ஒரு விதி வைக்கலாம்: வெட்டாத அட்டை, பில்லோடு, இத்தனை நாளுக்குள். அந்த விதியைப் பில்லிலேயே தமிழில் அச்சடியுங்கள். இன்சுலின் போன்ற குளிர்ப்பெட்டி மருந்தைத் திருப்பி எடுக்கவே முடியாது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து வீட்டில் எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது, அதை இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பது பாவம். விற்கும்போதே, ஐஸ் பையில் வைக்கும்போதே, "இதைத் திரும்ப எடுக்க முடியாதுங்க, வேணுங்கற அளவு மட்டும் எடுத்துக்கங்க" என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வகை உண்டு. நோயாளி இறந்துபோய், மிச்சம் இருந்த மருந்தைப் பையோடு கொண்டுவருபவர். பில் இருக்காது. தேதி கடந்திருக்கும். முகத்தைப் பார்த்தாலே தெரியும். சின்ன மறுப்புக்கும் வெடித்துவிடுவார்கள். இங்கே புது ஆட்கள் பேச வேண்டாம், பார்மசிஸ்டைக் கூப்பிடுங்கள். பையை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, முடியாததை ஏன் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். எடுப்பதில் கடைக்குக் கொஞ்சம் நஷ்டம் வரலாம். அதை முதலாளி ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: வரிசை, சில்லறை, ஜீபே

இவை சின்ன விஷயங்கள், சீக்கிரம் முடித்துவிடலாம். கிளினிக் விடும் நேரத்தில் ஏழெட்டுக் கைகள் ஒரே சமயத்தில் சீட்டை நீட்டும். வந்த வரிசைப்படி சீட்டுகளை வாங்கி ஒரு கிளிப்பில் அடுக்குங்கள். "எனக்கு ஒரே ஒரு காய்ச்சல் மாத்திரைதான்" என்று தலைக்கு மேல் காசை நீட்டுபவரிடம், "இவங்களுக்கு முடிச்சதும் அடுத்து உங்களுக்குத்தான்" என்று அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். பார்க்காமல் சொன்னால் சொல்லாததற்குச் சமம்.

பத்து ரூபாய் நாணயம் செல்லும். எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை அறிவித்திருக்கிறது. நாம் மறுக்கவே கூடாது. வாங்க மறுப்பவரிடம் வாதாடாமல் நோட்டாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

ஜீபேயில் பணம் போய்விட்டது, ஆனால் பணம் வந்ததைச் சொல்லும் நம் பெட்டி சத்தம் போடவில்லை என்றால், அவரைத் திருடன் போல நடத்தாதீர்கள். அவருடைய போனில் பரிவர்த்தனை எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்கு உறுதி வராத பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்பது 2019-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைச் சொன்னால் பலருக்கு மூச்சு வரும். தெரிந்த முகம் என்றால் மருந்தைக் கொடுத்தனுப்புங்கள்.

படி 6: குரல் உயர்ந்தேவிட்டால்

கையில் இருக்கும் வேலையை நிறுத்துங்கள். கணினியில் தட்டிக்கொண்டே, அட்டையை எண்ணிக்கொண்டே பதில் சொல்வதுதான் எரிகிற கோபத்தைப் பெரிதாக்கும். நிமிர்ந்து பாருங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கத்த யாராலும் முடியாது. முடித்ததும் அவர் சொன்ன விஷயத்தை மட்டும், வசவை விட்டுவிட்டு, திருப்பிச் சொல்லுங்கள்: "நேத்து வாங்கின மாத்திரையில ரெண்டு குறையுது, அதானேங்கய்யா?" பிறகு நீங்கள் செய்யப்போவது என்ன என்று சொல்லுங்கள்.

அவர் நீ, வா, போ என்று பேசினாலும் நீங்கள் 'நீங்க'வை விடாதீர்கள். அய்யா, அம்மா, அண்ணே, அக்கா என்று ஊர் வழக்கப்படி அழையுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் "சார்" வசவைவிட மோசமாக விழும். "கத்தாதீங்க", "என்கிட்ட ஏன் சொல்றீங்க", "படிச்சவங்கதானே நீங்க" ஆகிய மூன்றும் வாயில் வரவே கூடாது.

ஒருவர் பேசும்போது இன்னொரு ஊழியர் சேர்ந்து பேசாதீர்கள். இரண்டு பேர் எதிர்த்து நின்றால் அவருக்கு இறங்கிவரவே வழி இருக்காது. பேசுகிற ஆளை மாற்ற வேண்டுமென்றால் முழுதாக மாற்றுங்கள். மூத்தவர் வந்து, "அய்யா, இப்படி ஓரமா வாங்க, நான் பாக்கறேன்" என்று கூட்டத்திலிருந்து தள்ளி அழைத்துப் போகட்டும். பார்க்க ஆள் இல்லாத இடத்தில் பாதிக் குரல் தானே குறையும்.

இதில் ஒரு சந்தர்ப்பம் தனி. "மருந்து மாத்திக் குடுத்துட்டீங்க" என்று யாராவது வந்தால், அது எவ்வளவு மரியாதையில்லாமல் சொல்லப்பட்டாலும், மரியாதையைப் பற்றி யோசிக்கும் நேரம் அல்ல. நோயாளி அதைச் சாப்பிட்டாரா, எத்தனை, எப்போது என்று முதலில் கேளுங்கள். உடனே நிறுத்தச் சொல்லி, எழுதிய டாக்டரிடம் பேசுங்கள். யார் தவறு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: பொறுக்கக் கூடாத இடம்

பயத்தில் கத்துகிறவரும் உங்களை அவமானப்படுத்தவே வருகிறவரும் ஒன்றல்ல. உடம்பைப் பற்றிப் பேசுவது, சாதியைச் சொல்லித் திட்டுவது, கையைப் பிடிப்பது, கவுண்டரைத் தாண்டி உள்ளே வருவது, இவற்றில் எதையும் "வாடிக்கையாளர்தானே" என்று விழுங்காதீர்கள். "இப்படிப் பேசினா உங்களுக்கு மருந்து கொடுக்க முடியாது, வெளியே போங்க" என்று ஒரு முறை, தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு போலீசுக்கு 112.

பெண் ஊழியர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்கில் சொல்லாலோ சைகையாலோ நடந்துகொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவில் குற்றம். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, உடன் வேலை செய்பவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை என்று அதே சட்டத்தின் 19-வது பிரிவு சொல்கிறது. நீங்கள் விரும்பினால் போலீசில் புகார் கொடுக்கவும் அவர் உதவ வேண்டும். மகளிர் உதவி எண் 181.

வலி மாத்திரை, தூக்க மாத்திரையைப் போதைக்காகக் கேட்டு வரும் இளைஞர்கள் இப்போது எல்லா ஊரிலும் உண்டு. இரண்டு மூன்று பேராக, கடை சாத்தும் நேரத்தில், மருந்தின் பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களிடம் அறிவுரை, விசாரணை எதுவும் வேண்டாம். "ஸ்டாக் இல்ல" என்று பொய்யும் சொல்லாதீர்கள், நாளைக்கு மறுபடி வருவார்கள். "சீட்டு இல்லாம இங்க கிடையாது தம்பி", அவ்வளவுதான். கத்தி காட்டினால் மட்டும் வீரம் காட்டாதீர்கள். கேட்டதைக் கொடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போலீசை அழையுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஒரே ஒரு ஆளை, அதுவும் புது ஆளை, கடையில் விட்டுவிட்டுப் போவதை முதலாளிகள் நிறுத்த வேண்டும்.

முதலாளிகளுக்கு மூன்று விஷயங்கள்

ஊழியர் விதிப்படி மறுத்ததை, வாடிக்கையாளர் கத்தினார் என்பதற்காக நீங்கள் வந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அன்றோடு அந்த ஊழியரின் சொல்லுக்கு மதிப்பு போய்விடும், கத்தினால் கிடைக்கும் என்று தெருவே தெரிந்துகொள்ளும்.

நாற்காலி போடுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் வீங்கியவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம்.

பெரிய சத்தம் நடந்த பிறகு அந்த ஊழியரை உடனே அடுத்த சீட்டை எடுக்கச் சொல்லாதீர்கள். பத்து நிமிடம் உள்ளே அனுப்புங்கள், தண்ணீர் குடிக்கட்டும். கை நடுங்கும்போது எடுக்கும் மருந்தில்தான் பெயர் மாறும். ஒரே மாதிரி எழுத்தில் இருக்கும் இரண்டு மருந்துப் பெயர்களை மாற்றிப் படிக்க அரை நொடி போதும்.

படி 8: அதே ஆள் மறுநாள் வந்தால்

வருவார். ஊரில் இருக்கும் கடை, அவருக்கும் மருந்து தீரும். முந்தைய நாள் சண்டையை நீங்கள் எடுக்காதீர்கள். மன்னிப்பு கேட்பார் என்று எதிர்பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மற்றவரைக் கேட்பது போலவே "சொல்லுங்கண்ணே" என்று கேளுங்கள். நேற்று மறுத்தது இன்றும் மறுக்க வேண்டியதாக இருந்தால் அதே வார்த்தையில் மறுங்கள். கடைக்கு என்று ஒரு நோட்டு வைத்து, யார் என்ன கேட்டார், நாம் என்ன சொன்னோம், யார் பேசினார்கள் என்று இரவு சாத்தும்போது இரண்டு வரி எழுதி வையுங்கள். காலை ஷிப்டுக்கு வருபவர் அதைப் படித்துவிட்டுக் கவுண்டரில் நின்றால், "நேத்து இருந்தவரு தர்றேன்னு சொன்னாரே" என்ற பேச்சுக்கு அவரிடம் பதில் இருக்கும்.